நொச்சித்தாங்கலில் இறக்கிய சாமான்

நம்ம ஏரியா குரூப்பில் எல்லோரும் பழைய ஞாபகங்களை எழுதுகிறீர்கள். டூரிங் கொட்டாய் எங்கே இருந்தது, எந்தக் கடையில் பரோட்டா நன்றாக இருந்தது, ஆவடி பஸ் முன்பெல்லாம் எந்த மரத்தடியில் நின்றது. படிக்கச் சுகமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமையானால் யாராவது ஒரு பேய்க் கதை போடுகிறீர்கள். அதையும் நான் விடுவதில்லை. எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆகும். படித்த பிறகு விளக்கை அணைக்க மாட்டேன்.

என்னுடையதையும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். இது நடந்தது. எனக்கே நடந்தது. தேதி சொல்கிறேன், மணி சொல்கிறேன். சந்தேகம் இருந்தால் பக்தவத்சலம் அண்ணனைக் கேளுங்கள். ரிட்டயர்டு கண்டக்டர். இந்த குரூப்பில்தான் இருக்கிறார்.

என் பெயர் இருதயராஜ். பூந்தமல்லி மார்க்கெட் ஓரம் மீன்பாடி வண்டி ஓட்டுகிறேன். மூன்று சக்கரம், முன்னால் பலகை, பின்னால் மொபட் இஞ்சின். வீடு மாற்றுகிறவர்களின் சாமான்தான் என் பிழைப்பு. முப்பத்தோரு வருடம் ஆகிறது. பூந்தமல்லியிலிருந்து திருநின்றவூர் வரைக்கும் எந்தத் தெருவில் யார் வந்தார்கள், யார் காலி செய்தார்கள், எந்தக் கடை போய் எந்தக் கடை வந்தது, எல்லாம் தெரியும். ஆனால் யாரும் என்னிடம் கேட்டதில்லை. சம்சாரம் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம். பிள்ளை இல்லை. காலையில் ஸ்டாண்டில் வந்து "வண்டி வருமா?" என்பார்கள். "வரும்" என்பேன். சில நாள் நான் பேசுவது அவ்வளவுதான்.

எங்கள் தொழிலில் இரண்டு பழக்கம் உண்டு. புது இடத்தில் வழி கேட்டால் இரண்டு பேரிடம் கேட்க வேண்டும். ஒருத்தர் தப்பாகச் சொன்னாலும் இன்னொருத்தர் சரியாகச் சொல்வார். அப்போது எனக்கு எழுத்து தெரியாது. போர்டு பார்த்துப் போக முடியாது. அதனால் இதை நான் விட்டதே இல்லை. இன்னொன்று, வீட்டுக்காரர் வந்து கதவைத் திறக்காமல் ஒரு சாமானையும் தரையில் வைக்கக் கூடாது.

அன்றைக்கு இரண்டையும் விட்டேன்.

2022 நவம்பர் 12. சனிக்கிழமை. சனிக்கிழமையில் எங்கள் வண்டிகள் சும்மா நிற்கும். பெரும்பாலும் யாரும் வீடு மாற்ற மாட்டார்கள். அன்று கூப்பிட்டவர் பஷீருதீன் பாய், மார்க்கெட்டில் பாத்திரக் கடை வைத்திருப்பவர். அவருடைய தங்கை குல்ஷனுக்கு வீட்டுக்காரர் தவறி ஒரு வருடம் ஆகியிருந்தது. திருநின்றவூரில் வாடகை குறைவாக ஒரு வீடு பார்த்திருந்தார்கள்.

ஒரு கட்டில், ஒரு பீரோ, கேஸ் அடுப்பு, பாத்திர மூட்டை, துணி மூட்டை, ஒரு தையல் மெஷின். அவ்வளவுதான் சாமான். மெஷினை ஏற்றும்போது குல்ஷன் கூடவே நின்றார்.

"அண்ணா, இத்த மட்டும் பாத்து ஏத்துங்க. இது ஓடுனாத்தான் நானும் எம் பொண்ணும் சாப்புடுவோம்."

"பயப்படாதம்மா. எங்கைல எதுவும் ஒடஞ்சதில்ல, தொலஞ்சதில்ல."

அவருடைய பெண் சஹர். ஆறு வயது. கட்டில் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது.

"வண்டி மாமா, நானும் உன் கூடவே வரேன்."

"மழை வருது கண்ணு. அம்மா கூட பஸ்ஸுல வா."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கியது. குல்ஷன் ஒரு பையில் குரான், உப்பு, அரிசி மூன்றையும் போட்டுத் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். புது வீட்டுக்குள் முதலில் போக வேண்டியவை. எந்தச் சாதி, எந்த மதமானாலும் ஏதோ ஒன்று முதலில் போகும். ஒரு வீட்டில் சாமி படம், ஒரு வீட்டில் நிறைகுடம், எங்கள் ஆட்கள் வீட்டில் பைபிள். அது இல்லாமல் குடி போன வீட்டை நான் பார்த்ததில்லை.

பஷீருதீன் பாய் வழி சொன்னார். "ஸ்டேஷன் தாண்டுனா நொச்சித்தாங்கல் ஏரிக்கரை. கரை மேலயே நேரா போ. வலது கை பக்கம் தண்ணி. கரை முடியற எடத்துல எடது பக்கம் எறங்குனா லேஅவுட்டு. மூணாவது ஊடு. நாங்க பஸ்ஸுல வந்து அங்க நிப்போம்."

மணி 4:10-க்குக் கிளம்பினேன். பருத்திப்பட்டு, ஆவடி, பட்டாபிராம். வழியெல்லாம் தூறல். பட்டாபிராமில் ஒரு கடைத் தாழ்வாரத்தில் நிறுத்தித் தார்ப்பாயை இறுக்கிக் கட்டினேன். தாங்கல் கரையில் ஏறும்போது மணி 6:38. போனில் பார்த்தேன். நன்றாக இருட்டிவிட்டது. கரண்டும் இல்லை. வலது பக்கம் தண்ணீர் நிரம்பி, கரைக்கு ஒரு முழம் கீழே தளும்பிக்கொண்டிருந்தது. தவளைச் சத்தம் காதைக் கிழித்தது.

கரையின் பாதியில் ஒரு வளைவு. அங்கே ஒருத்தர் அரிக்கேன் விளக்கோடு நின்றிருந்தார். கோணிப்பையை மடித்துத் தலையில் போட்டிருந்தார். எங்களைப் போல உழைக்கிற ஆள் என்று பார்த்தவுடனே தெரிந்தது.

"இன்னா அண்ணாத்தே, ஊடு மாத்தறியா?"

"ஆமா நைனா. லேஅவுட்டு எந்தப் பக்கம்?"

"வா, வா. உனக்காவத்தான் காத்துகினு கீறாங்க."

குல்ஷனைச் சொல்கிறார் என்று நினைத்தேன். இரண்டாவது ஆளைக் கேட்க வேண்டும். முன்னால் பார்த்தேன், பின்னால் பார்த்தேன். கரையில் ஒருத்தரும் இல்லை. மழை வலுத்தது. மெஷின் நனைந்துவிடுமே என்று இருந்தது.

அவர் விளக்கைத் தூக்கிக் காட்டிய பக்கம் வண்டியைத் திருப்பினேன்.

வலது பக்கம்.

இதை நான் பிறகுதான் யோசித்தேன்.

சரிவில் இறங்கும்போது கணுக்காலில் ஜில்லென்று ஒரு குளிர் ஏறியது. பிறகு முட்டி. பிறகு இடுப்பு. பிறகு கழுத்து. மழைக் குளிர் என்று நினைத்தேன். இஞ்சின் 'டப்' என்று ஒரு சத்தத்தோடு நின்றது. வண்டி தானாக உருண்டது. அந்த ஆள் முன்னால் நடந்தார். அவர் கையிலிருந்த விளக்கின் சுடர் கொஞ்சமும் ஆடவில்லை.

தவளைச் சத்தம் நின்றுபோனது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறையவில்லை. ஒரே நொடியில் நின்றது.

இரண்டு பக்கமும் வீடுகள். மண் சுவர், ஓலைக் கூரை. லேஅவுட் என்றார்களே, இப்படியா இருக்கும் என்று யோசித்தேன். ஒரு வாசலிலும் பைக் இல்லை. ஒரு நாய் குரைக்கவில்லை. வண்டி போனால் நாய் துரத்தாத தெருவை நான் எங்கேயும் பார்த்ததில்லை. வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். ஆண், பெண், குழந்தை, இருபது பேர் இருக்கும். யாரும் சத்தம் போடவில்லை. வண்டியைச் சுற்றி நின்று சாமானையே பார்த்தார்கள்.

நாற்பது வயதுப் பெண் ஒருத்தி ஒரு வாசலைக் காட்டினாள். "இந்த ஊடுதான். கட்டில மொதல்ல எறக்கு."

"வீட்டுக்காரம்மா வரட்டும்மா. அவங்க இல்லாம வெக்கக் கூடாது."

"வந்துருவாங்க. எறக்கு."

"உப்பு, அரிசி எதுவும் மொதல்ல வெக்கலியா?"

அவள் என்னைப் பார்த்தாள். கேள்வியே புரியாதவள் போலப் பார்த்தாள். "கட்டிலதான் மொதல்ல" என்றாள்.

நான் சொல்வதற்குள் நாலு பேர் கட்டிலைத் தூக்கிவிட்டார்கள். நானும் கை கொடுத்தேன். அடுத்து பீரோ. இரும்பு பீரோ. பூந்தமல்லியில் அதை ஏற்ற நாலு ஆள் மூச்சு வாங்கினோம். இங்கே ஒரு பக்கம் நான் பிடித்தேன்... இரண்டு விரலில் தூக்க வந்தது. காலி டப்பாவைப் போல மிதந்து போனது.

எதிரில் பிடித்திருந்த ஆளின் கையைப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. நாள் முழுக்கத் துணி துவைத்தவர் கை போல. பக்கத்தில் இருந்தவர் கையும் அப்படித்தான். அந்தப் பெண்ணின் கையும்.

என் குரல் எனக்கே தள்ளிக் கேட்டது. காதுக்குள் தண்ணீர் புகுந்தால் கேட்குமே, அப்படி.

மெஷினை உள்ளே வைத்துவிட்டு மணி பார்த்தேன். 6:52.

"உக்காரு அண்ணாத்தே" என்றார் விளக்குக்காரர். உட்கார்ந்தேன். எல்லோரும் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"மேல இன்னா சேதி?"

மேல என்றால் மெயின் ரோடு என்று நினைத்தேன்.

"கொட்டாய்ல இன்னா படம் ஓடுது?" என்றான் ஒருத்தன்.

"கொட்டாயா? அது போயி இருவது வருசத்துக்கு மேல ஆவுது. இப்போ கல்யாண மண்டபம்."

"போடா, கிண்டல் பண்றான்."

"நெசமாத்தான். அந்த மண்டபத்துக்கு நாந்தான் சேர் எறக்குனேன்."

எல்லோர் வாயும் சிரித்தது. சத்தம் வரவில்லை.

ஒவ்வொருத்தராகக் கேட்டார்கள். ஸ்டேஷன் பக்கம் இருந்த கிணறு இருக்கிறதா? மூடிவிட்டார்கள். புளியமரங்கள்? வெட்டிவிட்டார்கள். சந்தை எங்கே கூடுகிறது? சொன்னேன். எந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள் என்று சொன்னேன். எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். பொய் எதற்கு, சந்தோஷமாக இருந்தது. ஒன்பது வருடத்தில் நான் அவ்வளவு பேசியதில்லை.

"இப்போ செங்கல்லு எங்கருந்து வருது?" என்றார் விளக்குக்காரர்.

"தூரத்துலருந்து லாரில வருது. இந்தப் பக்கம் சூளையே இல்ல இப்போ."

விளக்குக்காரர் அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார். அவள் கேட்டாள்.

"எங்கள பத்தி யார்னா பேசறாங்களா?"

எனக்குக் கேள்வி புரியவில்லை. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. "பேசாம இருப்பாங்களா? பேசறாங்க" என்றேன்.

"இன்னான்னு?"

சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று அவள் முகத்தைப் பார்த்தேன்.

அப்போதுதான் அவள் தலைமுடியைப் பார்த்தேன். அவிழ்ந்திருந்தது. காற்று இல்லை. ஓலை அசையவில்லை. முடி மட்டும் மெதுவாக... மேலே எழும்பி... பக்கவாட்டில் போய்... திரும்பி வந்தது.

போனை எடுத்தேன். 6:52.

அப்போதும் 6:52.

"சாப்ட்டியா?" என்றாள்.

"இல்லம்மா."

"உனுக்கு யார் கீறா?"

"யாரும் இல்ல."

"இங்கயே இருந்துடேன். கடைசி ஊடு காலியாத்தான் கீது."

உண்மையைச் சொல்கிறேன். இருந்துவிடலாமே என்றுதான் தோன்றியது. என் அறையில் எனக்காக யார் காத்திருக்கிறார்கள்? சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

ரயில் ஹார்ன் கேட்டது.

ஸ்டேஷன் பக்கத்திலிருந்து கேட்கவில்லை.

என் தலைக்கு மேலிருந்து கேட்டது.

நிமிர்ந்து பார்த்தேன்.

வானம் இல்லை. கறுப்பாக ஏதோ ஒன்று, கூரை போல, மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அதில் சின்னச் சின்ன வட்டங்கள்...

ஒன்று விரிந்தது. பக்கத்தில் இன்னொன்று.

ஆயிரம் வட்டங்கள்.

மழைத் துளி.

தண்ணீர் மேல் விழும் மழைத் துளியை... நான் கீழே இருந்து பார்க்கிறேன்.

எழுந்தேன். கத்தினேன். சத்தம் வரவில்லை.

வண்டியைப் பிடித்துத் தள்ளினேன். கால் வேகமாகப் போகவில்லை. ஒரு அடிக்கு ஒரு யுகம்.

யாரும் துரத்தவில்லை. பின்னால் அந்தப் பெண்ணின் குரல் மட்டும் கேட்டது.

"பொறுமையா போ. அவசரம் இல்ல."

கரை மேல் ஏறினேன். காது 'டப்' என்று திறந்தது. தவளைச் சத்தம். மழை முகத்தில் அறைந்தது. மூச்சு வாங்கி வாங்கி இருமினேன். அப்போதுதான் சட்டையைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. அவ்வளவு மழையில், காய்ந்த சட்டை. நான் தொட்டுப் பார்த்த பிறகுதான் மழை அதை நனைத்தது.

போன் அடித்தது. மணி 9:18. எடுக்காமல் விட்ட அழைப்புகள் பதினான்கு.

கரை முடிகிற இடத்தில் பஷீருதீன் பாய் டார்ச்சோடு நின்றிருந்தார். பின்னால் குல்ஷன், தூங்கிப்போன சஹரைத் தோளில் போட்டுக்கொண்டு. காலி வண்டியைப் பார்த்தார்கள்.

"சாமான் எங்க?"

"எறக்கிட்டேன் பாய்."

"எங்கடா எறக்குன? நாங்க மூணு மணி நேரமா இங்கதான நிக்கிறோம்!"

வளைவுக்குக் கூட்டிப் போனேன். டார்ச் அடித்தார். கரைச் சேற்றில் மூன்று சக்கரத் தடம். சரிவில் இறங்கி நேராகத் தண்ணீருக்குள் போயிருந்தது. பக்கத்திலேயே இன்னொரு மூன்று தடம். தண்ணீருக்குள்ளிருந்து ஏறி வந்திருந்தது.

அதற்கு அப்பால், கண்ணுக்கு எட்டிய வரைக்கும் தண்ணீர்.

"வழில காயலாங்கடைல தள்ளிட்டு, இங்க வந்து வண்டிய தண்ணில எறக்கி ஏத்தி நாடகம் போடறியா?" என்றார் பாய். நடந்ததைச் சொன்னேன். எனக்கே நான் சொல்வது பொய் போலத்தான் இருந்தது. மறுநாள் ஒரு காகிதத்தில் கைநாட்டு வாங்கினார்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகுதான் முதியோர் வகுப்பில் போய் உட்கார்ந்து எழுத்துப் படித்தேன்.

ஸ்டாண்டில் என்னைத் திருடன் என்றார்கள். முகத்துக்கு நேரே சொல்லவில்லை. "இருதயராஜ் வண்டியா, வேணாம் வேணாம்" என்று தள்ளிப் போனார்கள். மூட்டை தூக்கி வயிற்றைக் கழுவினேன். குல்ஷன் ஒரு ரெடிமேட் துணிக் கம்பெனியில் பீஸ் மடிக்கப் போனார் என்று கேள்விப்பட்டேன். சொந்தமாகத் தைத்துப் பிழைத்தவர். அவர் மட்டும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் ரொம்ப வலித்தது. அந்த மெஷினை எப்படியாவது கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் போதும், பிறகு உயிர் போனாலும் சரி என்று இருந்தேன்.

ஓய்ந்த நாளெல்லாம் தாங்கல் கரைக்குப் போனேன். டீக்கடையில், கோயில் வாசலில், ஸ்டேஷன் பெஞ்சில் எல்லோரிடமும் கேட்டேன். இங்கே மண் வீட்டுத் தெரு ஏதாவது இருந்ததா? பழைய ஆட்கள் கொட்டாயைப் பற்றிச் சொன்னார்கள், கிணற்றைப் பற்றிச் சொன்னார்கள், புளியமரத்தில் தொங்கிய வௌவாலைப் பற்றிக் கூடச் சொன்னார்கள். இந்தத் தெருவைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை.

பக்தவத்சலம் அண்ணன் மட்டும் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"யார் சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லலண்ணே. பாத்தேன்."

பக்கத்தில் உட்காரச் சொன்னார். "நாப்பத்தஞ்சு வருசம் இருக்கும்பா. ரெண்டு மூணு வருசம் மழையே இல்ல. தாங்கல் காஞ்சு கெடந்துது. உள்ளயே சூளை போட்டாங்க. சூளை ஆளுங்க உள்ளயே ஊடு கட்டிக்கினாங்க. பதினோரு ஊடு. வெளியூர் ஜனம். அப்புறம் ஒரு ஐப்பசி, ஒரே ராத்திரில தண்ணி ரொம்பிடுச்சு."

"எத்தன பேரு?"

"யார் எண்ணுனா? தேடிகினு ஒருத்தர் வரல. பேர் கூட ஒருத்தருக்கும் தெரியாது. நாங்களும் அப்புறம் பேசறத வுட்டுட்டோம். நீ கேட்டதாலதான் சொல்றேன்."

2024 ஜூன் மாதம். தாங்கல் வற்றியது. தூர் வார மெஷின் இறங்கியது. 19-ஆம் தேதி காலை 10:25-க்கு பக்தவத்சலம் அண்ணன் போன் செய்தார். "ஒடனே வா."

தாங்கலின் நடுவில், வெடித்துக் கிடந்த சேற்றில், சாமான் நின்றிருந்தது. விழுந்து கிடக்கவில்லை. நின்றிருந்தது. கட்டில் ஒரு ஓரம். தலைமாட்டில் பீரோ. இந்த மூலையில் அடுப்பு, அதன் மேல் பாத்திரங்கள் வரிசையாக. வெளிச்சம் வருகிற பக்கமாகத் தையல் மெஷின். சுவர் இல்லாத ஒரு வீடு. சுற்றி நூறு பேர் நின்று பார்த்தார்கள். ஒருத்தரும் தொடவில்லை.

பஷீருதீன் பாய் வந்தார். பார்த்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சுரு இருதயராஜ்" என்றார். ஸ்டாண்டு ஆட்களும் வந்திருந்தார்கள். நான் அழுதுவிட்டேன். என் வண்டியிலேயே எல்லாவற்றையும் ஏற்றினேன். பீரோவுக்கு ஆறு ஆள் வேண்டியிருந்தது. கரை முடிகிற இடத்தில் இடது பக்கம் இறங்கி, மூன்றாவது வீட்டில், குல்ஷன் கதவைத் திறந்து நின்ற பிறகு, இறக்கினேன். இவ்வளவு நாள் தண்ணீரில் இருந்த மெஷின். குல்ஷன் சக்கரத்தைச் சுற்றினார். எண்ணெய் போட்டது போல ஓடியது.

என் கதை அங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

நாலாம் நாள் சாயங்காலம் குல்ஷன் கூப்பிட்டார். போனேன். வீட்டில் அண்ணன் இல்லை. கதவைச் சாத்தினார். துணி மூட்டையைக் காட்டினார். ஈரம் இல்லை. சேறு இல்லை. மடித்து வைத்திருந்தது.

"சஹர், இங்க வா" என்று கூப்பிட்டு, மூட்டையிலிருந்து ஒரு ரோஸ் கலர் கவுனை எடுத்துப் போட்டுவிட்டார்.

"இது அவளுக்கு ஆறு வயசுல தெச்சது அண்ணா. அப்பவே இறுக்கமா புடிக்க ஆரம்பிச்சுடுச்சு."

சஹருக்கு அப்போது எட்டு வயது ஆக இருந்தது. நல்ல வளர்த்தி.

கவுன் சரியாக இருந்தது.

குல்ஷன் ஓரத்தைத் திருப்பிக் காட்டினார். கீழ் மடிப்பைப் பிரித்து இறக்கியிருந்தது. இரண்டு பக்கமும் துணி விட்டுத் தைத்திருந்தது. கை நீளம் கூட்டியிருந்தது.

"மெஷின் என்னுது. தையல் என்னுது இல்ல."

மூட்டையில் இருந்த எல்லா உடுப்பையும் போட்டுப் பார்த்திருக்கிறார். எல்லாம் சரியாக இருந்தது. இரண்டு உடுப்பு மட்டும் இப்போதைக்குப் பெரிது. அடுத்த வருடத்துக்கு ஆகும்.

"பாப்பாவ பத்தி அவங்களுக்கு எப்டிண்ணா தெரியும்?"

செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவரிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். அன்றைக்கு அவர்கள் கேட்டதில் ஒன்றை நான் மேலே எழுதாமல் விட்டேன். சேதி கேட்டுக்கொண்டிருந்தபோதே அந்தப் பெண் துணி மூட்டையைப் பிரித்தாள். ஒரு கவுனை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்தாள். "இது யாருது?" என்றாள்.

சொன்னேன். பெயர் சஹர் என்றேன். ஆறு வயது என்றேன். அப்பா இல்லை என்றேன். பார்வைக்குச் சின்னதாக இருக்கும், ஆனால் நெடுநெடுவென்று வளரும் என்றேன். என் வண்டியிலேயே வருகிறேன் என்று அடம் பிடித்ததைச் சொன்னேன். "அப்போ வந்துரும்" என்றாள். "வந்துரும்" என்றேன். அவள் கேட்கக் கேட்கச் சொன்னேன். என்னிடம் யாராவது உட்கார்ந்து கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று!

அந்த வாரமே பஷீருதீன் பாயிடம் போய், அவர்களை வேறு ஊருக்கு மாற்றிவிடுங்கள் என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். இந்த முறை அவர் என்னை நம்பினார்.

"நீயே வா, சாமான் ஏத்த."

"வேணாம் பாய். வேற வண்டி வெச்சுக்க. எந்த ஊருன்னு எங்கிட்ட சொல்லாத."

அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. இந்த குரூப்பில் யாருக்காவது தெரிந்திருக்கலாம். தயவு செய்து இங்கே எழுதாதீர்கள். எனக்கு இப்போது படிக்கத் தெரியும்.

தாங்கல் மறுபடியும் நிரம்பிவிட்டது. லோடு கிடைத்தால் நான் அந்தக் கரை வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது. வளைவில் ஒருத்தர் விளக்கோடு நின்று, "உக்காரு அண்ணாத்தே, மேல இன்னா சேதி?" என்று கேட்டால்...

சொல்லிவிடுவேன்.